தொட்டி மீன்களின் மறைவிடம்

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்போர் பலர், மீன்கள் எப்பக்கத்திலிருந்து நோக்கினும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கருதி, தொட்டியை வெறுமையாக வைக்கின்றனர். மீனுக்கோ இதனினும் அச்சந்தரும் இடம் வேறில்லை. ஓடையில் வாழும் சிறுமீன், பகையைக் கண்டதும் வேர்களுக்கிடையிலோ கல்லிடுக்கிலோ புகுந்து உயிர் தப்பும். ஒளிய இடமற்ற தொட்டியில் அஃது ஓயாத அச்சத்துடன் உழல்கிறது, நிறம் மங்குகிறது, இரை குறைகிறது, நோய் எளிதில் பற்றுகிறது. மறைவிடம் நிறைந்த தொட்டியிலோ மீன்கள் அஞ்சாது வெளியே உலவுகின்றன!

மறைவிடம் அமைக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கடைகளில் விற்கும் வண்ணக் கோட்டைகள் மனிதர் கண்ணுக்கே அழகு. மீனுக்கு உடைந்த பூந்தொட்டியின் ஒரு பாதி போதும். அதன் கூரிய விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுதல் வேண்டும்; இல்லையேல் துடுப்புக் கிழியும். புதிய சிமெண்டுக் குழாயும் கிளிஞ்சலும் நீரில் சுண்ணாம்பைக் கலக்குமாதலின், அவற்றை ஆராயாது இடலாகாது.

இனப்பெருக்கக் காலத்தில் மறைவிடத்தின் தேவை மேலும் மிகுகிறது. கப்பி என்னும் சிறுமீன் முட்டையிடுவதில்லை. ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை உயிருள்ள குஞ்சுகளையே ஈனும். ஈன்ற தாயே அக்குஞ்சுகளைத் துரத்தி விழுங்குவதும் உண்டு. இதனைத் தாயின் கொடுமை என்று பழித்தல் பொருந்தாது. அசையும் சிறு பொருள் யாவும் அதற்கு இரையே. இயற்கை நீர்நிலையில் குஞ்சுகள் விரைந்து கரையோரப் பாசிக்குள் மறைந்துகொள்ளும். தொட்டியில் அப்பாசி இல்லாமையே குறை. குளத்து வேலம்பாசியை அடர்த்தியாக இட்டால் குஞ்சுகள் பல பிழைக்கும். ஆனால் அதனை நன்கு அலசி இடுதல் வேண்டும். பாசியில் ஒட்டிவரும் தட்டானின் இளம்புழு, மீன்குஞ்சுகளைப் பிடித்துத் தின்னுவதில் தாய்மீனையும் விஞ்சியது.

தாய்லாந்து நாட்டிற்குரிய சண்டைமீனின் வழக்கம் முற்றிலும் வேறானது. இங்குக் குஞ்சுகளைக் காப்பது தந்தை. ஆண்மீன் காற்றை விழுங்கி, வாய்நீருடன் கலந்து குமிழ்களாக உமிழ்ந்து, நீரின் மேற்பரப்பில் நுரைக்கூடு கட்டும். நீர் அலைந்தால் கூடு கலையும். ஆதலின் வளர்ப்போர் காற்றுக் குழாயை நிறுத்தி, காய்ந்த நாட்டுவாதுமை இலை ஒன்றை மிதக்கவிடுவர்; அதன் அடியில் கூடு நிலைத்து நிற்கும். நழுவி விழும் முட்டைகளை ஆண்மீன் வாயாற் கவ்விக் கூட்டில் சேர்க்கும். அதற்கு எளிதாகும் பொருட்டு நீர் ஆழமின்றி இருத்தல் நன்று. ஆனால் இத்தந்தையே பெண்மீனைக் கடித்துக் குதறவும் கூடும். பெண் ஒளிந்துகொள்ள ஒரு செடிப்புதர் இன்றியமையாதது. முட்டையிட்டு முடிந்ததும் அதனை அகற்றிவிட வேண்டும். ஓரிரு நாளில் முட்டைகள் பொரியும். குஞ்சுகள் தாமே நீந்தத் தொடங்கியபின் ஆணையும் அகற்றுவர்.

அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த ஏஞ்சல் மீனுக்குக் கூடு வேண்டா. சாய்த்து நிறுத்திய வழவழப்பான கற்பலகை ஒன்றே போதும். அதில் முட்டைகளை ஒட்டவைத்து, தாயும் தந்தையும் துடுப்பால் விசிறி நிற்கும்.

அண்மைக் காலத்தில் தொட்டிகளில் இடம்பெற்றுள்ள சிறிய செர்ரி இறாலுக்கு மறைவிடம் உயிர்நாடி எனலாம். இறால் வளர வளரத் தன் ஓட்டை உரித்து எறியும். புதிய ஓடு இறுகும்வரை அதன் உடல் மென்மையாயிருக்கும். அந்நேரத்தில் எம்மீனும் அதனைக் கொத்தி உண்ணலாம். பெண் இறால் ஓடு உரித்த வேளையிலேதான் இணைசேரும். பின்னர் முட்டைகளை வயிற்றின்கீழ்ச் சுமந்து, ஏறத்தாழ ஒரு திங்கள் காக்கும். வெளிவரும் குஞ்சு, தாயின் சிற்றுருவே. பாசியும் காய்ந்த இலையும் அதற்கு ஒளியிடம் மட்டுமல்ல. அவற்றின்மேற் படரும் நுண்ணுயிர்ப் படலமே அதன் உணவுமாகும். நீர் வடிகட்டியின் வாயைப் பஞ்சுறையால் மூடாவிடில் குஞ்சுகள் உள்ளே இழுக்கப்பட்டு மடியும். மீன்நோய்க்கு இடும் மருந்துகள் சிலவற்றில் செம்புச் சத்து உண்டு. மீனைக் காக்கும் அம்மருந்து இறாலைக் கொன்றுவிடும். ஆகவே நோயுற்ற மீனை வேறு கலத்திற்கு மாற்றியே மருந்திடுதல் வேண்டும்.