சுமை தாங்கும் கயாக் எது?

மாணவ நண்பர்களே, பெரிய வாளி ஒன்றில் நீர் நிரப்பி, உங்கள் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவை மூடியின்றி அதில் மிதக்க விடுங்கள். மணல் நிரப்பிய அரை அடிப் புட்டி ஒன்றை டப்பாவினுள் படுக்க வையுங்கள். டப்பா அமைதியாக மிதக்கும். இப்போது புட்டியை நிமிர்த்தி வைத்துக் கையை எடுங்கள். டப்பா கவிழும். எடை அதேதான், புவியீர்ப்பு மையம் மட்டுமே மேலே ஏறிவிட்டது. (வகுப்பில் இதைச் செய்து காட்டிய நாட்களில் என் சட்டை நனையாமல் இருந்ததில்லை.)

கயாக் என்பது ஆர்க்டிக் பகுதி இன்யூட் மக்களின் வேட்டைப் படகு. எலும்பாலோ மரத்தாலோ ஆன சட்டத்தின்மேல் தோல் போர்த்தியது. ஒருவர் உட்காருமளவு ஒடுக்கமானது. குடும்பத்தையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்ற அவர்கள் அதை நம்பவில்லை. அதற்கு 'உமியாக்' என்ற அகலமான திறந்த படகு தனியே இருந்தது. இன்றோ கூடாரம், உணவு, குடிநீர் எல்லாவற்றையும் கயாக்கிலேயே ஏற்றுகிறார்கள். ஆகவே தேர்வில் கவனம் வேண்டும்.

முதலில் அகலத்தைப் பாருங்கள். படகு சாயும்போது, சாய்ந்த பக்கம் கூடுதல் நீரை விலக்குகிறது. மிதப்பு விசை அந்தப் பக்கம் நகர்ந்து படகை நிமிர்த்துகிறது. நீளம் மாறாதிருந்தால், இந்த நிமிர்த்தும் விளைவு அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். 60 செ.மீ. அகலத்தை 75 ஆக்கினால் 1.25 × 1.25 × 1.25, அதாவது ஏறத்தாழ இரு மடங்கு!

அப்படியானால் அகலமான, தட்டை அடிப் படகே எங்கும் சிறந்ததா? அவசரப்படாதீர்கள். அத்தகைய படகு நீர்ப்பரப்புக்கு இணையாக நிற்கவே முயலும். ஏரியில் நீர்ப்பரப்பு கிடையாக இருப்பதால் அது நல்ல குணம். கடலில் பக்கவாட்டு அலை வரும்போது நீர்ப்பரப்பே சாய்கிறது. படகும் உடன் சாயும். அதனால்தான் கடல் கயாக்குகள் சற்றே ஒடுக்கமாகவும் நீளமாகவும், அடிப்புறம் வளைந்தும் இருக்கின்றன. குளத்தில் ஏறியதும் ஆடுகிறதே என்று அதை ஒதுக்குபவர் ஏமாறுவார்.

ஜெர்மானிய மருத்துவர் ஹன்னஸ் லிண்டமன் 1956இல் 5.2 மீட்டர் நீளமும் 87 செ.மீ. அகலமும் கொண்ட மடக்குக் கயாக்கில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார். 72 நாட்கள் பிடித்தன. அத்தனை அகலம் இருந்தும் இரு முறை கவிழ்ந்தார்.

அடுத்தது கொள்ளளவு. நீர்மட்டத்தில் படகின் பரப்பு 2 சதுர மீட்டர் என்று கொள்வோம். அது 1 செ.மீ. அமிழ 20 லிட்டர் நீரை விலக்க வேண்டும். அதாவது 20 கிலோ ஏற்ற வேண்டும். 60 கிலோ ஏற்றினால் 3 செ.மீ. அமிழும். உங்கள் எடையையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும், விளிம்பு நீருக்கு மேல் போதிய உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

கனமானவற்றை அடியில், நடுவில், இருபுறமும் சமமாக வைத்து, நகராதபடி கட்டுங்கள். மேல்தளத்தில் மூட்டை வேண்டாம். படகினுள் நீர் புகாத தடுப்பறைகள் உண்டா என்றும் கேளுங்கள். புகுந்த நீர் சாய்ந்த பக்கமே ஓடி, சாய்வை மேலும் கூட்டும். பாதி நிறைந்த பெரிய தண்ணீர்க் கேனும் இதையே ஓரளவு செய்யும். குடிநீரைச் சிறு பைகளில் வாய்வரை நிரப்பிக் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.