காட்டியதைக் காண்பதும் கணக்கைக் காண்பதும்

சென்ற மாதம் ஒரு சங்கத்தின் ஆய்வுக்குச் சென்றிருந்தபோது, அதன் அங்கத்தினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு யோசனை கேட்டார். மஞ்சள் விற்று வந்த பணத்தில் ஒரு பகுதியை, புது மாதிரியான இயந்திரம் ஒன்றைச் செய்யப்போவதாகக் கூறும் ஒரு கம்பெனியின் பங்குகளில் போடலாமா என்பதே அவர் வினா. "நானே நேரில் அவர்கள் ஆபீசுக்குப் போய்வந்தேன், ஐயா. மெஷின் ஓடுகிறது; என் கண்ணால் பார்த்தேன்" என்றார்.

பணத்தைக் கொடுக்குமுன் பஸ் ஏறிச் சென்று நேரில் பார்த்துவர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது மெச்சத்தக்கதே. ஆயினும் அப்படிப் பார்த்தது எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு ஏற்ற சான்றாக, அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் நடந்த கீலி மோட்டார் கம்பெனியின் வரலாற்றை அவருக்குச் சொன்னேன். நம் வாசகர்களுக்கும் அது பயன்படக்கூடும்.

பிலடெல்பியா நகரில் ஜான் கீலி என்பவர் இருந்தார். தச்சு வேலை செய்து பிழைத்தவர். விஞ்ஞானக் கல்வி பெற்றவரல்லர். 1872ஆம் ஆண்டில், நீரிலிருந்து இதுவரை எவரும் அறியாத ஒரு சக்தியை வெளிப்படுத்தும் வழியைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாக அவர் அறிவித்தார். அதே ஆண்டில் நியூயார்க்கில் அவர் பெயரால் ஒரு கம்பெனி தோன்றியது. ஒரு குவார்ட்டு நீர், அதாவது ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைவான நீர், ஒரு ரயில் வண்டியைப் பிலடெல்பியாவிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சான்பிரான்சிஸ்கோ வரை இழுத்துச் செல்லப் போதும் என்று அவர் கூறினார். நிலக்கரிக்கு ஏராளமாகச் செலவிட்டுவந்த காலத்தில் இச்சொல் எத்துணை ஆசையை எழுப்பியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கீலி வெறும் வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. பங்கு வாங்க எண்ணியவர்களைத் தம் பட்டறைக்கே அழைத்தார். அங்கே குழாய்களும் உருளைகளும் கொண்ட ஒரு கருவி நின்றது. அவர் அதன் வாயில் சிறிது நேரம் காற்றை ஊதுவார். பிறகு அதே வாய் வழியாகச் சில காலன் நீரை ஊற்றுவார். திருகுகளைச் சற்றுத் திருப்புவார். உடனே அழுத்தமானியின் முள் சதுர அங்குலத்துக்கு 10,000 இராத்தல் என்ற அளவைக் காட்டும். அக்காலத்து ரயில் எஞ்சின்கள் பெரும்பாலும் 150 இராத்தலுக்கு உட்பட்ட அழுத்தத்திலேயே ஓடியவை. கயிறுகள் அறுந்தன, இரும்புக் கம்பிகள் வளைந்தன, தோட்டாக்கள் பலகைகளைத் துளைத்தன. வந்தவர்கள் வியந்து திரும்பினர். அவர்களுள் எஞ்சினியர்களும் வங்கியாளர்களும் இருந்தனர்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வந்தவர்கள் பொய்யான காட்சியைக் காணவில்லை. அழுத்தம் உண்மையாகவே இருந்தது. கயிறும் உண்மையாகவே அறுந்தது. அச்சக்தி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அவர்கள் காணவில்லை. காட்சி நடக்கும் நாளைக் கீலி குறித்தார், இடம் அவருடையது, கருவியும் அவருடையது. எதைத் தொடலாம், எதைத் திறக்கலாகாது என்பதையும் அவரே முடிவு செய்தார்.

ஆண்டுகள் சென்றன. விற்பனைக்குரிய இயந்திரம் ஒன்றுகூட வெளிவரவில்லை. பழைய கருவியைக் கைவிட்டு இன்னும் சிறந்ததைச் செய்துகொண்டிருப்பதாகக் கீலி ஒவ்வொரு முறையும் கூறினார். பங்குதாரர்கள் பொறுமையிழந்தபோது, காகித ஆலை அதிபர் ஒருவரின் விதவையான கிளாரா மூர் அம்மையார் அவர் கொள்கையில் உறுதியான நம்பிக்கை வைத்துப் பல ஆண்டுகள் பெருந்தொகை உதவினார். 1888இல், தம் இரகசியத்தை வெளியிடுமாறு நீதிமன்றம் இட்ட ஆணைக்கு இணங்காமையால், கீலி சில நாள் சிறையிலும் இருந்தார். சிறையிலிருந்து மீண்டபின்னும் அவரை நம்புவோர் குறையவில்லை. 1898 நவம்பர் 18ஆம் நாள் அவர் காலமானார். கம்பெனி தொடங்கி 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. பங்குதாரர்களுக்கு ஒரு காசும் இலாபப் பங்காகக் கிடைக்கவில்லை.

அவர் மறைவுக்குப் பிறகு, மூர் அம்மையாரின் மகனே அந்தக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, பென்சில்வேனியாப் பல்கலைக் கழகப் பேராசிரியர்களையும் எஞ்சினியர்களையும் கொண்டு 1899 ஜனவரியில் சோதனையிட்டார். தரைப் பலகைகளைப் பெயர்த்தபோது, கீழே ஏறக்குறைய 3 டன் எடையுள்ள இரும்புக் கோளம் ஒன்று கிடைத்தது. சுவர்களுக்குள்ளும் தரையின் கீழும் மெல்லிய குழாய்கள் சென்றன. அழுத்திய காற்றைத் தேக்கி வைக்கும் கலமே அக்கோளம் என்றும், காட்சிகளுக்குரிய சக்தி அதிலிருந்தே சென்றது என்றும் சோதித்தவர்கள் முடிவு கூறினர்.

பேராசிரியர்கள் இல்லாமலே இதை ஐயுற வழியில்லையா? உண்டு. நீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் எஞ்சுவது. விறகு எரிந்தபின் சாம்பல் எஞ்சுவது போன்றது அது. நீரை மீண்டும் பிரிக்கலாம். ஆனால் பிரிந்த வாயுக்கள் எரியும்போது தரும் சக்திக்குக் குறையாத சக்தியை நாம் முன்னதாகச் செலவிட்டாக வேண்டும். மேலும், அழுத்தமானி காட்டுவது அழுத்தத்தை மட்டுமே. செய்து முடித்த வேலையின் அளவை அது காட்டாது. ஓர் இயந்திரத்தை அறிய வேண்டுமானால், உள்ளே சென்றதையும் வெளியே வந்ததையும் அளந்து, வேறோர் இடத்தில், பல நாள் இடைவிடாது ஓட்டிப் பார்க்க வேண்டும். சில நிமிடக் காட்சிக்குத் தேக்கி வைத்த காற்றே போதும்.

கூட்டுறவுத் துறையினருக்கு இப்பாடம் புதிதன்று. நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு சங்கத்தின் நூல் கிடங்கைப் பார்வையிட்டேன். கூரை வரை நூல் கட்டுகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. முன்வரிசையை எண்ணி, ஆழத்தால் பெருக்கி, இருப்புச் சரி என்று எழுதி வந்தேன். என் மேலதிகாரி மறுமுறை சென்று பின்வரிசையை இறக்கச் சொன்னார். அங்கே கட்டுகள் இல்லை. வெற்றுப் பெட்டிகளே இருந்தன. அன்று எனக்கு நேர்ந்த வெட்கம் இன்றும் மறையவில்லை. நான் கிடங்கைப் பார்த்தேன், சரிபார்க்கவில்லை.

இது பழங்கதை என்றும் ஒதுக்குவதற்கில்லை. 2003இல் கலிபோர்னியாவில் தொடங்கிய தெரனோஸ் என்னும் கம்பெனி, விரல் நுனியில் எடுத்த சில துளி இரத்தத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்யலாம் என்றது. 2010இல், மருந்துக் கடைகள் பல நடத்தும் வால்கிரீன்ஸ் நிறுவனத்தார் அதன் அலுவலகத்துக்கு வந்தனர். அவர்களுடன் வந்த ஆலோசகர் சோதனைக் கூடத்தைப் பார்க்க விரும்பினார், காட்டவில்லை. ஆயினும், தாம் தயங்கினால் போட்டிக் கம்பெனி முந்திவிடுமோ என்ற அச்சத்தால், வால்கிரீன்ஸ் பின்வாங்கவில்லை. சோதனைகளுள் பெரும்பாலானவை பிறர் செய்த சாதாரண இயந்திரங்களிலேயே நடந்தன என்பதைப் பத்திரிகையொன்று 2015இல் வெளிப்படுத்தியது. 2018இல் கம்பெனி மூடப்பட்டது. அதை நிறுவிய எலிசபெத் ஹோம்ஸ் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்கு உள்ளானவர் என 2022 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. சிறு சேமிப்பாளர் மட்டுமன்றிப் பெரும் வணிகரும் இவ்வாறு ஏமாறுவதுண்டு.

ஆகவே, ஒரு கம்பெனியைப் பார்க்கச் செல்லும் அங்கத்தினர் சிலவற்றை மனத்தில் வைப்பது நலம். முதலாவது, காட்டுவதைப் பார்த்தபின், காட்டாததைக் கேட்க வேண்டும். மறுப்பு வந்தால் அதையும் ஒரு விடையாகக் கொள்ள வேண்டும். தொழில் இரகசியம் காக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு. இரகசியம் தெரியாமல் பணம் தராதிருக்க நமக்கும் உரிமை உண்டு. இரண்டாவது, கருவியை வேறிடத்தில், அதனால் ஆதாயம் பெறாத ஒருவர் அளந்து பார்த்தாரா என்று விசாரிக்க வேண்டும். ஏற்கெனவே பங்கு வாங்கியவரின் சாட்சியம் போதாது. பங்கின் விலை குறைவதை அவர் விரும்பார். மூன்றாவது, கணக்கைக் காண வேண்டும். கம்பெனிகள் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்கைச் சிறு கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். வருமானம் சரக்கு விற்று வந்ததா, பங்கு விற்று வந்ததா என்பதை அதில் காணலாம். கீலியின் கம்பெனிக்குப் பங்கைத் தவிர விற்கச் சரக்கு ஏதும் இருந்ததில்லை. நான்காவது, "இன்றே தராவிட்டால் வாய்ப்புப் போய்விடும்" என்பவரிடம் அன்றைய தினம் பணம் தரலாகாது.

புதிய முயற்சி எல்லாம் மோசடி என்பது என் கருத்தன்று. புதியது வராவிட்டால் தொழில் வளராது. இழந்தாலும் குடும்பம் தாங்கும் அளவு பணத்தை, தெரிந்தே துணிந்து இடுவது ஒருவர் உரிமை. விதைப்புக்கும் பாவு நூலுக்கும் வைத்த பணம் அவ்வகையைச் சேர்ந்ததன்று.

என்னிடம் யோசனை கேட்ட அங்கத்தினர், தாம் பார்த்த இயந்திரத்தை வேறெங்கேனும் ஓட்டிக் காட்ட இயலுமா என்றும், சென்ற ஆண்டுக் கணக்கின் நகல் கிடைக்குமா என்றும் கேட்டு அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இதை எழுதும் நாள் வரை பதில் வரவில்லை. பணம் அவர் பெயரில் சங்கத்தின் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கிறது.