பால் இருக்கிறது, ஏன் இறங்கவில்லை?

“குழந்தை அழுதுகிட்டே இருக்கே, பால் பத்தலையோ?”

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கும் பெண்ணின் காதில் இந்த வார்த்தை எத்தனை தடவை விழுகிறது! பார்க்க வந்த அத்தை கேட்கிறாள். எதிர் வீட்டு மாமி கேட்கிறாள். மாமியார் போனில் கேட்கிறார். இரண்டு மூன்று நாளில் அந்தப் பெண்ணே, “எனக்குப் பாலே இல்லைம்மா” என்று கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடுகிறாள். அன்று சாயங்காலமே பால் பவுடர் டின் வீட்டுக்குள் வந்துவிடும்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும். குழந்தையின் வயிறும் அப்போது அவ்வளவுதான் கொள்ளும். மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில்தான் மார்பு நிறையும். அதற்குப் பிறகும் பால் போதவில்லை என்று தவிக்கும் பெண்களில் பலருக்கு உள்ளே பால் இருக்கிறது. அது வெளியே வருவதில்தான் தடங்கல்.

பால் உண்டாவது ஒரு வேலை. அது இறங்குவது வேறு வேலை. உண்டாக்குவது புரொலாக்டின் என்ற ஹார்மோன். இறக்கிவிடுவது ஆக்ஸிடோசின். மார்புக்குள்ளே திராட்சைக் கொத்துப் போலச் சின்னச் சின்னப் பைகளில் பால் தங்கியிருக்கிறது. ஒவ்வொரு பையைச் சுற்றியும் வலை பின்னினாற்போல் நுண்ணிய தசைகள். குழந்தை வாய் வைத்துச் சப்பியதும் நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போகிறது. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ஆக்ஸிடோசினை ரத்தத்தில் விடுகிறது. அது மார்புக்கு வந்து சேர்ந்ததும் அந்தத் தசைகள் சுருங்கிப் பாலைப் பிதுக்கித் தள்ளுகின்றன. எல்லாம் சுமார் ஒரு நிமிஷத்துக்குள்!

மார்பில் சுருக் சுருக்கென்று குத்துவதும், ஒரு பக்கம் கொடுக்கும்போது மறுபக்கம் ரவிக்கை நனைவதும் இதனால்தான். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. அவர்களுக்கும் பால் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். கொஞ்சம் பழகிவிட்டால் குழந்தை வாய் வைக்கக்கூட வேண்டாம், தொட்டிலில் சிணுங்கினாலே போதும்.

பிரசவ வலியின்போது கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பதும் இதே ஹார்மோன்தான். 1906-ல் ஹென்றி டேல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, பிட்யூட்டரிச் சாறு கர்ப்பிணிப் பூனையின் கர்ப்பப்பையைச் சுருக்குவதைக் கண்டார். “விரைவான பிரசவம்” என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்துதான் இதற்குப் பெயரே வந்தது. இதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய அமெரிக்கர் வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்பத்திரியில் “வலி வர” ஏற்றும் டிரிப்ஸ், குழந்தை பிறந்தவுடன் உதிரப்போக்கு மிஞ்சாமலிருக்கப் போடும் ஊசி, இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் இதுதான். பால் கொடுக்கும்போது அடிவயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிறதே, முக்கியமாக இரண்டாவது மூன்றாவது பிரசவத்துக்குப் பின்? கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்குகிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம்.

சரி, தடங்கல் எங்கிருந்து வருகிறது? மாடு வளர்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கன்றை ஊட்டவிட்டால்தான் பசு பாலை விடும். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துப் பக்கத்தில் நிறுத்திக் கறப்பார்கள். புது ஆள் கை வைத்தால் சில மாடுகள் பாலை அடக்கிக்கொள்ளும். (இன்று வைக்கோல் கன்றுக்குப் பதிலாகச் சிலர் மாட்டுக்கு ஆக்ஸிடோசின் ஊசியையே குத்துகிறார்கள். கண்டிக்க வேண்டிய கொடுமை அது.) 1941-ல் ஈலி, பீட்டர்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். கறக்கும் நேரத்தில் பசுவின் முதுகில் பூனையை விட்டு, காகிதப் பைகளை ஊதிப் படார் படாரென்று வெடித்தார்கள். மிரண்ட பசு பாலை விடவில்லை. பயத்தில் சுரக்கும் அட்ரினலின்தான் குறுக்கே நின்றது என்று கண்டார்கள்.

மனுஷிக்கும் அப்படித்தானா? நைல்ஸ் நியூட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். கைக்குழந்தைக்காரி, கணவர் மைக்கேல் நியூட்டன் டாக்டர். பால் கொடுக்கும்போது அவர் காலை ஐஸ் தண்ணீரில் வைத்தார்கள், கால் பெருவிரலை வலிக்க வலிக்க இழுத்தார்கள், கணக்குக் கேட்டுத் துளைத்தார்கள். 1948-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொந்தரவில்லாத நாட்களில் குழந்தை ஒரு வேளைக்குச் சராசரி 168 கிராம் பால் குடித்தது. தொந்தரவு செய்த நாட்களில் 99 கிராம்தான். அதே தொந்தரவோடு ஆக்ஸிடோசின் ஊசியும் போட்டபோது 153 கிராம்! பால் எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேயே இருந்திருக்கிறது.

ஐஸ் தண்ணீர் செய்த வேலையைத்தான் நம் வீடுகளில் “பால் பத்தலையோ” என்ற கேள்வி செய்கிறது என்று எனக்குத் தோன்றும். கேள்வியால் பதற்றம், பதற்றத்தால் பால் இறங்கத் தாமதம், தாமதத்தால் குழந்தை வீறிடும், உடனே புட்டி. புட்டியில் வயிறு நிரம்பிய குழந்தை மார்பை முழுக்கக் காலி பண்ணாது. காலியாகாத மார்பில் பால் உண்டாவதே குறையும். அப்போதுதான் நிஜமாகவே பால் பத்தாமல் போகிறது.

ஆக்ஸிடோசினைப் பற்றி இன்னொரு பேச்சும் உண்டு. “அன்பு ஹார்மோன்” என்கிறார்கள். 1979-ல் குட்டியே போடாத எலிகளின் மூளையில் இதைச் செலுத்தியபோது, வேற்று எலியின் குட்டிகளைத் தாய் போலப் பேணத் தொடங்கின. அது சரி. ஆனால் மூக்கில் இந்த மருந்தை அடித்தால் மனிதர்களுக்குப் பிறர் மேல் நம்பிக்கை கூடும் என்று 2005-ல் ஜூரிச்சிலிருந்து வந்த செய்தி, பிற்பாடு திருப்பிச் சோதித்தவர்களுக்கு அப்படி நிற்கவில்லை. பாசத்தை மருந்துச் சீட்டில் எழுதித் தர முடியாது போலிருக்கிறது.

“கவலைப்படாதேடி” என்று சொல்வதால் யாருக்கும் கவலை போவதில்லை. காரியமாகச் செய்யக்கூடியது உண்டு. பால் கொடுக்கும் நேரத்தில் வந்தவர்களைக் கூடத்திலேயே உட்கார வைத்துக் காபி கொடுங்கள், பாட்டி. அந்த அறைக் கதவைச் சாத்துங்கள். தாய்க்கு முதுகுக்கு அண்டை கொடுங்கள். தையல் வலி இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாத்திரை வாங்குங்கள். வலியும் பாலைத் தடுக்கும். கழுத்திலிருந்து முதுகெலும்பின் இரு பக்கமும் யாராவது நீவிவிட்டால் சுகமாக இருக்கும், பாலும் இறங்கும். குழந்தையை வெற்று மார்போடு அணைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட நல்லது.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்தோ, கையால் பீய்ச்சிப் பார்த்தோ முடிவு கட்டாதீர்கள். ஐந்தாம் நாளுக்குமேல் ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைகிறதா? முதலில் கொஞ்சம் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டதா? அப்படியானால் போதுகிறது. நனையவில்லை, எடை ஏறவில்லை, குழந்தை சோர்ந்து தூங்கியே கிடக்கிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சிலருக்கு நிஜமாகவே பால் குறைவாக இருப்பதுண்டு. அது யாருடைய குற்றமும் இல்லை. டாக்டர் வேறு பால் கொடுக்கச் சொன்னால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அந்தப் பாலுக்கு முன்னால், ஒவ்வொரு வேளையும், குழந்தையை இரண்டு பக்கமும் மார்பில் போட மறக்காதீர்கள்.