மணி ஒலிக்காத பள்ளிக்கூடம்

காலை ஒன்பது மணி. கடலூர் முதுநகரிலும், சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளிலும் சிறுவர் சிறுமியர் புத்தகப் பையுடன் விரைந்து செல்லும் காட்சி கண்ணுக்கு இனியது. அதே வேளையில் ஏதோ ஒரு வீட்டின் சன்னலோரத்தில், நடக்கவோ பேசவோ, தானாக நிமிர்ந்து உட்காரவோ இயலாத ஒரு பிள்ளை அக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அருகில் அதன் தாய். ‘இவனுக்குப் பள்ளி எங்கே, படிப்பு எங்கே?’ என்று அவள் உள்ளம் வினவுகிறது. அவ்வினாவுக்கு விடை உண்டு என்று சொல்லவே இக்கட்டுரை.

பிள்ளை வீட்டில் அடைபட்டுக் கிடப்பதன் வேதனையை நாம் எல்லாருமே ஒருமுறை அறிந்தோம். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்க வகுப்புப் பிள்ளைகள் மீண்டும் பள்ளி வாயிலை மிதித்தது 2021 நவம்பர் முதல் நாள். இடைப்பட்ட இழப்பை ஈடு செய்யத் தமிழக அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியபோது, முதற்கட்டமாகத் தேர்ந்தெடுத்த 12 மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. தெருவிலுள்ள தன்னார்வலர் ஒருவர் மாலை வேளையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தார். கல்வி வீட்டைத் தேடி வரக்கூடியதே என்பதை நாடு கண்டுகொண்டது. ஆயின், மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்துவிட்டது. சன்னலோரத்துப் பிள்ளைக்கோ இன்னும் திறக்கவில்லை.

சட்டம் சொல்வது என்ன?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசக் கல்வி உரிமை என அது வகுத்தது. 2012-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, கடுமையான குறைபாடோ பலவகைக் குறைபாடுகளோ உடைய பிள்ளைகள் விரும்பினால் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்னும் உரிமையும் சேர்க்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை 18 வயது வரை நீட்டித்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வீட்டு வழிக் கல்வி என்பது பிள்ளையின் உரிமை. பள்ளிக்கூடம் கதவை அடைப்பதற்கான சாக்கு அன்று. ‘இந்தப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று யாரேனும் எளிதாகச் சொல்லிவிட்டால் அதற்கு இணங்கிவிட வேண்டாம். சக்கர நாற்காலியிலேனும் பள்ளிக்குச் செல்லக்கூடிய பிள்ளை பள்ளிக்கே செல்ல வேண்டும். ஊரார் பேச்சுக்கு அஞ்சி, வெட்கத்தினால் பிள்ளையை உள்ளறையில் மறைத்து வைப்பதும் கல்வி ஆகாது, அது சிறை. உடல்நிலை உண்மையாகவே இடந்தராத பிள்ளைக்குத்தான் வீடு பள்ளியாக வேண்டும். அப்போதும் அருகிலுள்ள பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அதன் பெயர் இருக்கட்டும்.

யாரை நாடுவது?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் உண்டு. கடலூர், பரங்கிப்பேட்டை, குமராட்சி, காட்டுமன்னார்கோயில் என எந்த ஒன்றியமாயினும் பெற்றோர் முதலில் செல்ல வேண்டிய இடம் அதுவே. சிறப்பாசிரியர், இயன்முறை மருத்துவர் ஆகியோரின் உதவியை அங்கே கேட்டுப் பெறலாம். அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் கடலூரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். மேற்கொண்டு ஆய்வும் ஆலோசனையும் தேவைப்படுவோருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது.

சிறப்பாசிரியர் நாள்தோறும் வர இயலாது. ஐப்பசி கார்த்திகையில் வெள்ளாறும் கொள்ளிடமும் பெருகிவிட்டால் சில ஊர்களுக்கு வழியே அடைபட்டுவிடும். எனவே எஞ்சிய நாட்களின் ஆசிரியர் யார்? பெற்றோரே.

தாயே ஆசிரியை

‘எழுத்து வாசனை அதிகம் அறியாத நான் எப்படிக் கற்பிப்பேன்?’ என்று மலைக்கும் தாய்மார், ஒரு வரலாற்றை அறிதல் நன்று. அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்துப் போர்ட்டேஜ் என்னும் சிற்றூரில் 1969-இல் ஒரு முயற்சி தொடங்கியது. சுற்றிலும் பரந்து கிடந்த கிராமங்கள். தொலைவிலிருந்து குறைபாடுடைய குழந்தைகளை ஓரிடத்தில் சேர்ப்பது அரிது. ஆகவே ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்குச் சென்றார். அவர் பிள்ளைக்குக் கற்பித்ததைவிடத் தாய்க்குக் கற்பித்ததே மிகுதி. அந்த வாரத்துக்கு உரிய சிறு பாடத்தைச் செய்து காட்டிச் செல்வார். தாய் அதை நாள்தோறும் பயிற்றுவாள். இம்முறை பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியது. நம் சென்னையிலும் 1989-இல் தொடங்கப்பெற்ற மதுரம் நாராயணன் மையம், தாயைப் பிள்ளையுடன் வரவழைத்து, அவளையே பயிற்சியாளராக்கும் வழியைக் கைக்கொண்டது.

அம்முறையின் உயிர்நாடி ஒன்றே: பெரிய வேலையைச் சிறு படிகளாகப் பிரித்தல். சட்டை அணிவதை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் எல்லாப் படிகளையும் தாயே செய்து, கடைசிப் பொத்தானைப் பாதி நுழைத்து வைக்கட்டும். அதை இழுத்து முடிப்பது மட்டும் பிள்ளையின் வேலை. அது கைவந்தபின் பொத்தானை முழுதும் பிள்ளையே போடட்டும். பிறகு இரண்டு பொத்தான்கள். இவ்வாறு கடைசியிலிருந்து முன்னோக்கிச் சென்றால், ஒவ்வொரு நாளும் வேலையை முடித்த மகிழ்ச்சி பிள்ளைக்கே கிடைக்கும்.

கருவிகளுக்குப் பணம் தேவையில்லை. புளியங்கொட்டையும் கடற்கரைச் சிப்பியும் எண்ணக் கற்பிக்கும். துவரையையும் உளுந்தையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொன்னால் விரலுக்கும் கண்ணுக்கும் பயிற்சியாகும். வாயில் போட்டுக்கொள்ளும் பிள்ளையாயின் அருகிலேயே இருக்க வேண்டும். கோலமாவு கைவிரல்களை எழுத்துக்குப் பழக்கும். பேச இயலாத பிள்ளைக்கு ஓர் அட்டையில் தண்ணீர், சோறு, வலி, கழிப்பறை, ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றைப் படமாக ஒட்டிக்கொடுத்தால், அது சுட்டிக் காட்டித் தன் மனத்தைச் சொல்லும். பேச்சின்மை அறிவின்மை அன்று.

நேரம்? ஒருமுறைக்குக் கால்மணி, நாளில் இரண்டு மூன்று முறை போதும். ஆனால் நாள் தவறக் கூடாது. ஒரு குறிப்பேட்டில் அன்றன்று நடந்ததை ஒரு வரியில் எழுதி வையுங்கள். ‘ஒன்றும் முன்னேறவில்லை’ என்று சோர்வு தட்டும் நாளில் ஆறு மாதத்துக்கு முந்திய பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பிள்ளை கடந்து வந்த தொலைவு விளங்கும்.

தேர்வு எழுத வல்லவர்களுக்கு

அறிவாற்றல் குன்றாமல், உடற்பிணியால் மட்டும் வீட்டில் தங்கிய பிள்ளைகள் தேர்வும் எழுதலாம். 12½ வயது நிறைந்தவர்கள் தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத இயலும். 1989-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம், 14 வயது நிறைந்தவர்களைப் பத்தாம் வகுப்புக்குச் சேர்த்துக்கொள்கிறது, தமிழிலும் படிக்கலாம். எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுதவேண்டும் என்பதில்லை. ஐந்தாண்டுக்குள் சிறிது சிறிதாக முடிக்கலாம். மாற்றுத்திறன் கொண்டோருக்குக் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவர் உதவியும் உண்டு. மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலையும் பிள்ளைக்கு இது எத்துணை ஆறுதல்!

தாய் தனியே சுமக்கலாகாது

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கல்வி பற்றிய தன் ஏட்டில் எடுத்துரைத்தது. ‘பெற்றோர்’ என்றே அது கூறியது. தாய் மட்டும் என்று கூறவில்லை. ஆனால் நம் இல்லங்களில் நடப்பது என்ன? தூக்குவதும் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் கற்பிப்பதும் அவள் ஒருத்தியின் தோளில். தந்தை மாலையில் கால்மணி நேரப் பாடத்தை ஏற்றுக்கொள்ளட்டும். அண்ணனும் அக்காளும் கதை வாசித்துக் காட்டட்டும். ஆயினும் அவர்கள் விளையாட்டும் படிப்பும் பறிபோகாமல் பார்த்துக்கொள்வது பெற்றோர் கடமை.

பங்கு மக்களுக்கும் ஒரு சொல். இத்தகைய இல்லங்களுக்கு நம் இரக்கப் பார்வை தேவையில்லை; நம் நேரம் தேவை. வாரம் ஒருமுறை இளைஞர் ஒருவர் ஒரு மணி நேரம் அப்பிள்ளையுடன் அமர்ந்தால், அத்தாய் கடைத்தெருவுக்குச் சென்று வரலாம், கண்ணயரலாம். மறைக்கல்வி வகுப்பை மாதம் ஒரு ஞாயிறு அவ்வீட்டுத் திண்ணையில் நடத்தினால், சன்னல் வழியே பிறரைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அவர்களுள் ஒன்றாகிவிடும்.

அன்புத் தாய் தந்தையரே! உங்கள் பள்ளிக்கூடத்தில் மணி ஒலிப்பதில்லை. பரிசளிப்பு விழாவும் இல்லை. ஓராண்டு உழைப்புக்குப் பின் பிள்ளை தன் கையால் ஒரு கவளம் சோற்றை எடுத்து உண்பதுதான் அங்கே தேர்ச்சி. அதைக் குறைவாக எண்ணாதீர்கள். நாளைக் காலையே வட்டார வள மையத்துக்குச் சென்று பிள்ளையின் பெயரைப் பதிவு செய்யுங்கள். மாலையில் முதல் பொத்தானிலிருந்து தொடங்குங்கள்.