ஊரைக் காப்பாற்றிய ஓவியம்!

குட்டீஸ்! பீரங்கிக் குண்டுகளிலிருந்து ஓர் ஊரையே ஒரு ஓவியம் காப்பாற்றியது என்றால் நம்புவீர்களா? இத்தாலியில் உள்ள சான்செபோல்க்ரோ என்ற சின்ன ஊரில் அப்படித்தான் நடந்தது!

1944ம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. அந்த ஊருக்குள் ஜெர்மானியப் படையினர் இருப்பதாக நினைத்து, பீரங்கியால் தாக்கும்படி ஆங்கிலேய ராணுவ அதிகாரி டோனி கிளார்க்குக்கு உத்தரவு வந்தது. அவரும் தாக்குதலைத் தொடங்கி விட்டார். சில குண்டுகள் விழுந்த பிறகுதான், அந்த ஊரின் பெயரை எங்கோ படித்தது போல் அவருக்குத் தோன்றியது.

ஆல்டஸ் ஹக்ஸ்லி என்ற எழுத்தாளர் 1925ல் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். உலகிலேயே மிகச் சிறந்த ஓவியம் சான்செபோல்க்ரோவில் இருக்கிறது என்று அதில் புகழ்ந்திருந்தார். இளம் வயதில் படித்த அந்தக் கட்டுரை கிளார்க்கின் நினைவுக்கு வந்தது. அந்த ஓவியத்தை அவர் பார்த்தது கூட இல்லை!

போர்க்களத்தில் உத்தரவை மீறுவது சாதாரண விஷயமா? ஆனாலும், தாக்குதலை நிறுத்தி விட்டார் கிளார்க். பிறகுதான் தெரிந்தது... ஜெர்மானியப் படையினர் ஏற்கெனவே ஊரை விட்டுப் போய் விட்டனர்! ஊருக்குள் சென்ற கிளார்க், சுவரில் அந்த ஓவியம் சேதமில்லாமல் இருப்பதைக் கண்டார்.

வாருங்கள், அந்த ஓவியம் இருக்கும் நகராட்சி அருங்காட்சியகத்தை நாமும் சுற்றிப் பார்ப்போம்!

இந்தக் கட்டடத்தில்தான் முன்பு ஊர் நிர்வாகக் கூட்டங்கள் நடந்தன. கூட்ட அறையின் சுவருக்காக அந்த ஓவியத்தைத் தீட்டியவர், இதே ஊரில் பிறந்த பியரோ டெல்லா பிரான்செஸ்கா. ஓவியத்தின் பெயர், 'உயிர்த்தெழுதல்'. உயரம் சுமார் இரண்டே கால் மீட்டர். அகலம் 2 மீட்டர். 1460களில் வரையப்பட்டது.

கையில் கொடியுடன், கல்லறையிலிருந்து எழுகிறார் இயேசு. கீழே நான்கு காவலர்கள் தூங்குகின்றனர். அவர்களில் ஒருவரின் முகம் பியரோவின் சொந்த முகம் என்பர். ஈட்டி வைத்திருக்கும் காவலரைக் கவனித்துப் பாருங்கள்; அவருக்குக் கால்களே தெரியாது! பின்னால் உள்ள மரங்களில் இடப்பக்கம் இருப்பவை மொட்டையாகவும், வலப்பக்கம் இருப்பவை பச்சை இலைகளோடும் நிற்கின்றன.

சான்செபோல்க்ரோ என்றாலே, 'புனிதக் கல்லறை' என்றுதான் பொருள். அதனால், ஊரின் பெயருக்கும் இந்த ஓவியம் பொருத்தமாக அமைந்து விட்டது.

இன்னொரு அறையில், பல மரப்பலகைகளைச் சேர்த்துச் செய்த பெரிய ஓவியம் தங்க நிறத்தில் தகதகக்கிறது. தன் மேலங்கியை விரித்து, மக்களை அதற்குள் அணைத்துக் காக்கிறார் அன்னை மரியாள். 1445ல் இதை வரையச் சொன்னவர்கள், மூன்றே ஆண்டுகளில் முடிக்க வேண்டும், பியரோவைத் தவிர வேறு யாரும் தூரிகையைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டனர். முடியவோ பத்து ஆண்டுகளுக்கும் மேல் ஆனது!

மூன்றாவது ஓவியம், புனித ஜூலியன் என்ற இளைஞருடையது. ஒரு தேவாலயச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்ததை, 1954ல் கண்டுபிடித்தனர். சுவரிலிருந்து பக்குவமாகப் பெயர்த்தெடுத்து இங்கே வைத்துள்ளனர். கீழ்ப்பகுதி அழிந்து விட்டாலும், அந்த முகம் அப்படியே இருக்கிறது.

பியரோ ஓவியர் மட்டுமல்ல, கணக்குப் புலியும் கூட! கணிதம் பற்றியும், தொலைவில் உள்ள பொருட்களைச் சரியான அளவில் வரைவது பற்றியும் நூல்கள் எழுதியவர். 1492ல் மறைந்தார்.

உயிர்த்தெழுதல் ஓவியத்தைச் சுத்தம் செய்து சீரமைக்கும் பணி, 2018ல் நிறைவடைந்தது. அதைக் காப்பாற்றிய கிளார்க்கை ஊர் மக்கள் மறக்கவில்லை. ஒரு தெருவுக்கே அவர் பெயரைச் சூட்டியுள்ளனர்.

எப்போதோ படித்த ஒரு கட்டுரை, ஓர் ஊரையே காப்பாற்றி விட்டது பார்த்தீர்களா, குட்டீஸ்!