கறுப்பு முடிக்குக் கறுப்பு டை: ஹாஸ்டல் ரூம் கெமிஸ்ட்ரி

பிளேஸ்மென்ட் சீசன் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு சாயங்காலம், எங்க விங்கில் மூணு பேர் தலைக்கு டை அடித்தோம். ஒருத்தன் செகண்ட் இயர் கல்ச்சுரல்ஸுக்காகச் செம்பு கலரில் ஸ்ட்ரீக்ஸ் போட்டவன். இன்னொருத்தன் என் ரூம்மேட், வெயிலில் கிரிக்கெட் ஆடி ஆடி முடி பழுப்பேறிப் போனவன். மூணாவது நான். பிளஸ் டூ முடிக்கும்போதே காதோரம் இளநரை. அப்பா வழியில் எனக்கு வந்த ஒரே சொத்து.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆப்டிடியூட் டெஸ்ட். அஞ்சரைக்கு ரூம்மேட் என்னை உலுக்கி எழுப்பினான். "மச்சான், கண்ணு தொறக்க முடியலடா." லைட்டைப் போட்டேன். நெற்றியும் காதும் சிவந்திருந்தன, ரெண்டு இமையும் பன் மாதிரி வீங்கியிருந்தன. டெஸ்ட் போச்சு. அன்னைக்குப் பகல் முழுக்க ஆஸ்பத்திரி.

தோல் டாக்டர் தலையைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி டையைப் பற்றி இல்லை. "கையில எப்பவாவது கறுப்பு மெஹந்தி டாட்டூ போட்டிருக்கியாப்பா?" போட்டிருக்கிறான். பத்தாவது படிக்கும்போது பொருட்காட்சியில், ஒரு டிராகன். ரெண்டு நாள் அரித்தது, அப்புறம் மறந்தே போனான். ஆனால் அவன் உடம்பு மறக்கவில்லை.

விஷயம் இதுதான். மருதாணி இலை தரும் நிறம் ஆரஞ்சு கலந்த செம்பழுப்பு. எந்த ஊர் மருதாணியும் அரை மணி நேரத்தில் கறுப்பாகாது. அப்படி ஆகிறதென்றால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பெரும்பாலும் அது பாரா பினைலீன் டையமைன், சுருக்கமாக பிபிடி. ஹேர் டையில் கறுப்பு தருவதும் இதே ஆசாமிதான். ஒருமுறை தோல் இதை எதிரியாகக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை ஒன்றிரண்டு நாள் கழித்து முழுப் படையோடு வந்து இறங்கும். உடனே அரிக்காது என்பதுதான் இதில் இருக்கிற ஏமாற்று. ஞாயிறு அடித்தது செவ்வாய் காலை வீங்கியது அதனால்தான். டப்பாவில் "48 மணி நேரம் முன்பே சோதித்துப் பாருங்கள்" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதும் அதனால்தான். நாங்க மூணு பேரும் அதைப் படிக்கவே இல்லை.

அவன் வாங்கியது பாக்கெட்டில் வரும் "ஹெர்பல்" கறுப்புப் பொடி. முன்பக்கம் இலை படம், நெல்லிக்காய் படம். பின்பக்கம் பார்த்தால் பி-பினைலீன்டையமைன், பேரியம் பெராக்சைடு. படத்தை நம்பாதீங்க, பின்பக்கத்தைப் படிங்க. "பிபிடி ஃப்ரீ" என்றால் டொலுயீன்-2,5-டையமைன் இருக்கிறதா என்று பாருங்க; அது பிபிடியின் சொந்தக்காரன், பிபிடி ஒத்துக்கொள்ளாத பலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது.

சரி, அலர்ஜி இல்லாதவங்களுக்கு முடி எப்படிக் கெடுகிறது? இதில் நம்ம ஊர் முடிக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அதைப் பெரும்பாலும் நாம பயன்படுத்திக்கொள்வதே இல்லை.

ஒரு முடியின் வெளிப்புறம் ஓடு வேய்ந்த கூரை மாதிரி, செதில் மேல் செதிலாக இருக்கும். அதுதான் க்யூட்டிகிள். உள்ளே கார்டெக்ஸ், மெலனின் இருப்பது அங்கேதான். பெர்மனென்ட் டையில் மூணு வேலை நடக்கிறது. அமோனியா மாதிரி ஒரு காரம் செதில்களைத் தூக்கிவிடும். சின்ன மூலக்கூறான பிபிடி உள்ளே நுழையும். ஹைட்ரஜன் பெராக்சைடு அதை ஆக்ஸிஜனேற்றம் செய்ய, அது ரிசார்சினால் போன்ற கூட்டாளிகளோடு சேர்ந்து பெரிய நிறமியாகி, வந்த வழியில் வெளியே போக முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். 1907-ல் பாரிஸில் யூஜின் ஷூலெர் என்ற கெமிஸ்ட் இந்த வகை டையைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். அவர் 1909-ல் ஆரம்பித்த கம்பெனிதான் பின்னால் லோரியால் ஆனது. நூறு வருஷம் தாண்டியும் அடிப்படை அதேதான்.

பெராக்சைடுக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஏற்கெனவே இருக்கும் மெலனினை வெளுக்க வைப்பது. கறுப்பு முடியைப் பழுப்பாக்க வேண்டுமென்றால் அது தேவை. கறுப்பைக் கறுப்பாக்க அது எதற்கு? டெவலப்பர் பாட்டிலில் 10 வால்யூம், 20 வால்யூம் என்று போட்டிருக்கும். ஒரு லிட்டர் கரைசல் எத்தனை லிட்டர் ஆக்ஸிஜன் விடும் என்பதுதான் அந்த எண். 6 சதவீதம் என்றால் லிட்டருக்கு 60 கிராம், அதை 34-ஆல் வகுத்து, பாதியாக்கி, 22.4-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 20 வரும். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி ஒருவழியாக உதவிவிட்டது. வீட்டு டப்பாக்களில் பரவலாக வருவது இந்த 20 வால்யூம்தான். 30, 40 எல்லாம் கலரை ஏற்றி வெளுக்க வைக்க. நமக்கு 10 வால்யூம், அதாவது 3 சதவீதம் போதும். "டெமி பெர்மனென்ட்" என்று விற்பதில் பெரும்பாலும் இதைவிடவும் குறைவு. வெளுப்பு வேலை இல்லாததால் முடிக்கு அடி குறைவு.

இதற்கு ஒரு விலை உண்டு, மறைக்க வேண்டாம். முரட்டு நரையை 10 வால்யூம் முழுசாக மூடாது, சாம்பலாகக் கலந்துவிடும். இருபது வயதில் அங்கங்கே பத்திருபது நரை இருப்பவனுக்கு அது தாராளம். என் கேஸ் அப்படித்தான். அதுக்காக 20 வால்யூம் பாட்டிலில் நீங்களே தண்ணி ஊற்றிப் பாதியாக்காதீங்க. பேஸ்ட் நீர்த்துப்போய்க் கண்ணில் வழியும். ட்யூபும் டெவலப்பரும் தனித்தனியாக விற்கும் கடையில், அந்த ட்யூபுக்கு 10 வால்யூம் ஒத்துக்கொள்ளும் என்று அட்டையில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்க.

"அமோனியா ஃப்ரீ" பற்றியும் ஒரு வார்த்தை. அமோனியாவுக்குப் பதில் எத்தனாலமைன் இருக்கும். மூக்கைத் துளைக்கும் நாற்றம் இருக்காது, அவ்வளவுதான். அதுவும் காரம்தான், செதிலைத் தூக்கும் வேலையை அதுவும் செய்யும்.

ஆரோக்கியமான முடியின் மேல் கொழுப்பு அமிலப் படலம் ஒன்று கெமிக்கலாகவே ஒட்டியிருக்கும். தண்ணீரைத் தள்ளுவது, முடியோடு முடி வழுக்கிப் போவது எல்லாம் அதன் புண்ணியம். காரமும் பெராக்சைடும் அதை உரித்துவிடும். உரிந்த இடத்தில் அது திரும்ப வராது. முடி உயிரில்லாத பொருள், தன்னைத் தானே ரிப்பேர் செய்துகொள்ளத் தெரியாது. கண்டிஷனர் செய்வது தற்காலிக ஒட்டு வேலை. அடிபட்ட இடத்தில் மைனஸ் சார்ஜ் அதிகம், கண்டிஷனரில் இருப்பது பிளஸ் சார்ஜ், போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் ஒரே முடியைத் திரும்பத் திரும்ப டையில் முக்குவதுதான் உண்மையான சேதம். முடி மாசத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அடுத்த முறை அந்த ஒரு சென்டிமீட்டர் வேருக்கு மட்டும் தடவினால் போதும். நுனி வரைக்கும் இழுத்து இழுத்துத் தடவுவது நம்ம எல்லாருக்கும் உள்ள கெட்ட பழக்கம்.

நிறம் எடுக்கும்போது நேராக நம்பர் 1 கறுப்புக்குப் போகாதீங்க. நம்ம "கறுப்பு" முடியை வெயிலில் பார்த்தால் பல பேருக்கு அடர் பழுப்பு. 1 அடித்தால் ஹெல்மெட் மாட்டின மாதிரி தட்டையாக இருக்கும். 2 அல்லது 3-ல் தொடங்குங்க. பத்தலைன்னா அடுத்த தடவை கறுப்பாக்கிக்கலாம். ஆனால் கறுத்ததை இறக்க பிளீச் வேணும், டை மேல் டை அடித்து இறக்க முடியாது. ஸ்ட்ரீக்ஸ் போட்ட நண்பனுக்கு ஆனது இதுதான். பிளீச் ஆன முடி ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சும். நம்பர் 1 அவன் ஸ்ட்ரீக்ஸில் மட்டும் மையாக ஏறிவிட்டது. செம்புக் கோடு போய் மைக் கோடு.

அடிக்கும் நாளில் பெரிய வித்தை எதுவும் இல்லை. முந்தின நாள் தலைக்குக் குளித்ததோடு விடுங்க, அன்னைக்கு ஷாம்பு வேண்டாம். காதிலும் நெற்றி ஓரத்திலும் வாசலின். கையுறை கட்டாயம். மெஸ்ஸிலிருந்து சுட்ட எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம், பிளாஸ்டிக் கப் எடுங்க. உலோகம் பட்டால் பெராக்சைடு சிதையும். மீந்த கலவையை மூடி போட்டு வைக்காதீங்க. ஆக்ஸிஜன் சேர்ந்து பாட்டில் வெடிக்கும், அதில் இருக்கும் டையும் அதற்குள் செத்திருக்கும். புருவத்துக்கும் மீசை ஓரத்துக்கும் "கொஞ்சூண்டு" தடவும் ஆசையை அடக்குங்க. கண்ணுக்குப் பக்கத்தில் விளையாட வேண்டாம். டப்பாவில் போட்ட நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம்கூட வைக்காதீங்க. எரிந்தால் உடனே கழுவுங்க. முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ கூகுள் பண்ணாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பிபிடி ஆகாதவர்களுக்கு வேறு வழி? இருக்கிறது: மருதாணி, அதன்மேல் அவுரி. அவுரி நம்ம விழுப்புரம் பக்கம் பயிராவதுதான், நீலச் சாயம் எடுக்கும் அதே செடி. சுத்தமான மருதாணிப் பொடியைக் குழைத்து ராத்திரி முழுக்க வைத்து, மறுநாள் தடவி ரெண்டு மூணு மணி நேரம் கழித்து அலசணும். அப்புறம் அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தடவிவிடணும். கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாது. இலையில் இருப்பது இண்டிகன். அதை உடைக்கும் என்சைமும் இலையிலேயே இருக்கிறது, சூட்டில் அது செத்துவிடும். உடைந்தது காற்றில் ஆக்ஸிஜனேற்றம் ஆகித்தான் நீலமாகும். மருதாணியின் செம்பழுப்பும் அவுரியின் நீலமும் சேர்ந்தால் கறுப்பு. இதில் செதிலைத் தூக்கும் காரமும் இல்லை, பெராக்சைடும் இல்லை. முடி கொஞ்சம் வறளும், அரை நாள் போகும், பாத்ரூமுக்கு வெளியே க்யூ கட்டித் திட்டுவார்கள். இந்தப் பொடிகளிலும் கலப்படம் உண்டு. பொருள் பட்டியலில் இலையின் பேரைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது, இதற்கும் 48 மணி நேர டெஸ்ட் உண்டு.

ரூம்மேட் ஆறு வாரம் கழித்து, வீக்கமெல்லாம் வடிந்து, டாக்டரிடம் கேட்டுவிட்டு, முழங்கை மடிப்பில் ரெண்டு நாள் டெஸ்ட் பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்தான். முதல் நாள் வெயிலில் லேசாகப் பச்சையடித்தது. "பாசி புடிச்சிருக்குடா" என்று விங்கே சிரித்தது. ரெண்டு நாள் ஷாம்பு போடாமல் விட்டதும் கறுத்துவிட்டது. பிபிடி அலர்ஜி இருந்தால் சில மரத்துப்போகும் ஊசிகளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், போன் லாக் ஸ்கிரீனில் அதை எழுதி வைத்திருக்கிறான். தலையணை உறைதான் இன்னமும் நீலம். சலவைக்கு வரும் அக்கா ஒவ்வொரு வாரமும் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, "தம்பி, இது எந்தக் கட்சிக் கொடி?" என்று கேட்கிறார்.