மூளைக் கலங்களின் வயதைச் சொல்லும் காபன்

மனித மூளையின் நரம்புக்கலங்கள் எந்த ஆண்டளவில் தோன்றின என்பதை அவற்றின் டீ.என்.ஏ.யில் உள்ள காபன்-14இன் அளவைக் கொண்டு கணிக்கலாம். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கேர்ஸ்டி ஸ்போல்டிங், யோனாஸ் ஃபிரிசேன் குழுவினர் 2005இல் இம்முறையை வெளியிட்டனர்.

அண்டக் கதிர்களின் விளைவாக வளிமண்டல நைதரசனிலிருந்து காபன்-14 இயற்கையாகவே சிறிதளவு உருவாகிறது. 1955 முதல் 1963 வரை நிலத்துக்கு மேலே நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் வட அரைக்கோள வளியில் அதன் அளவு ஏறத்தாழ இரு மடங்கானது. இத்தகைய சோதனைகளைத் தடைசெய்த 1963ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் அவை குறைந்தன. மிகுந்திருந்த காபனைக் கடலும் தாவரங்களும் உள்வாங்க, வளியில் அதன் அளவு படிப்படியாக இறங்கியது. இந்த ஏற்ற இறக்கம் வளி மாதிரிகளிலும் மர வளையங்களிலும் பதிவாகியுள்ளது.

அக்காபன் உலகெங்கும் பரவியது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில் அக்காலத்தில் விளைந்த நெல்லும் ஒளித்தொகுப்பின்போது அதை எடுத்துக்கொண்டது. அந்தச் சோற்றை உண்டவர்களின் உடலிலும் அது சேர்ந்தது. ஒரு கலம் பிரியும்போது அவ்வேளை உடலில் உள்ள காபனைக் கொண்டே புதிய டீ.என்.ஏ. அமைகிறது. பின்னர் பிரியாத கலத்தில் அது ஏறக்குறைய மாறாமல் நிற்கும். ஆகவே பிறந்த காலத்தின் அடையாளம் கலத்திலேயே தங்கிவிடுகிறது. காபன்-14இன் அரைவாழ்வுக் காலம் 5730 ஆண்டுகள் என்பதால் ஒரு மனித ஆயுளுக்குள் அது தேய்வது மிகச் சொற்பமே.

ஆய்வுக்கு, இறந்தவர்களின் மூளைத் திசுவிலிருந்து கலக் கருக்கள் பிரித்தெடுக்கப்படும். நரம்புக்கலக் கருவில் உள்ள புரதம் ஒன்றில் ஒட்டி ஒளிரும் பிறபொருளெதிரியின் உதவியால் அவை ஏனைய கருக்களிலிருந்து வேறாக்கப்படும். அவற்றின் டீ.என்.ஏ.யிலுள்ள காபன்-14 அணுக்களை ஆர்முடுக்கித் திணிவு நிறமாலைமானி எண்ணும்.

மூளை தான் இழந்த கலங்களை ஈடுசெய்யுமா என்பது பக்கவாதத்துக்கும் மறதிநோய்க்கும் சிகிச்சை தேடுவோரின் அடிப்படைக் கேள்வி. மூளைய மேற்பட்டையின் நரம்புக்கலங்களுக்கு அந்த மனிதரின் வயதே இருப்பதை 2005, 2006ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகம்பஸின் நிலை வேறு. 1955க்கு முன் பிறந்தவர்களின் ஹிப்போகம்பஸிலும் குண்டுக்காலக் காபன் இருந்தது. எனவே அக்கலங்களில் ஒரு பகுதி பிறப்பின் பின் தோன்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு பக்க ஹிப்போகம்பஸிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 நரம்புக்கலங்கள் புதிதாகச் சேர்வதாக 2013இல் இக்குழு கணித்தது.

இம்முறை தருவது பல கலங்களின் சராசரி வயதையே. தனிக் கலத்தின் வயதை அன்று. திசுவை நுணுக்குக்காட்டியில் நோக்கிய 2018ஆம் ஆண்டு ஆய்வொன்று, வளர்ந்தோரின் ஹிப்போகம்பஸில் புதிய நரம்புக்கலங்களைக் காணவில்லை என்றது. அதே ஆண்டு வந்த மற்றொன்று முதுமையிலும் அவை தோன்றுவதாகக் கூறியது. குண்டுக்கால ஏற்றம் வளியில் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டதால், இனிப் பிறப்போரின் கலங்களில் இந்த அடையாளம் தெளிவாக இராது. அக்காலத்தில் வாழ்ந்தோரின் திசு மாதிரிகளைப் பாதுகாப்பது இதனால் இன்றியமையாததாகிறது.